பத்துப் பட்டதாரிகளைக் கேட்ட ஊர்

1937 ஜனவரியில் காந்தி வெங்ஙானூருக்கு வந்தார். விழிஞ்ஞம் கடற்கரைக்குப் பக்கத்தில், திருவனந்தபுரம் நகரத்தின் தெற்கே உள்ள ஊர் அது. அவரை அங்கே சந்தித்த அய்யன்காளிக்கு எழுபது வயது கடந்திருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர். தங்கள் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்காவிட்டால் வயலில் இறங்க மாட்டோம் என்று புலையர் சமூகத்து விவசாயத் தொழிலாளர்களை வேலைநிறுத்தத்துக்கு அழைத்து, பட்டினியோடு அதை நடத்திக் காட்டியவர். அன்று அவர் காந்தியிடம் சொன்ன ஆசை கேரளத்தில் இன்றும் பேசப்படுகிறது. தான் கண்ணை மூடுவதற்குள் தன் சமூகத்தில் பத்து பி.ஏ. பட்டதாரிகளைப் பார்த்துவிட வேண்டும் என்பதே அந்த ஆசை.

அதே ஆண்டின் பிற்பகுதியில் திருவிதாங்கூர் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது. சித்திரைத் திருநாள் மகாராஜா வேந்தர், திவான் சர் சி.பி. ராமசாமி ஐயர் துணைவேந்தர். இன்றைய கேரளப் பல்கலைக்கழகம் அதன் தொடர்ச்சி. கன்னியாகுமரி மாவட்டம் 1956இல் பிரிந்து போகும்வரை நாகர்கோவில் பிள்ளைகளுக்கும் அதுதான் பல்கலைக்கழகம். அரண்மனை தந்த கொடையாகவே இந்தப் பிறப்பைச் சொல்லிப் பழகிவிட்டோம். அதற்கு ஒரு தலைமுறை முன்பே கல்வியைக் கேட்டு அடிவாங்கிய மக்களின் கதையை அதோடு சேர்த்துச் சொல்வதில்லை.

திருவனந்தபுரம் நகரத்திலிருந்து கிளம்பினால் சிறிது நேரத்தில் ஊருட்டம்பலத்துக்குப் போய்விடலாம். 1910இல் பஞ்சமி என்ற புலையர் சிறுமியைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு அய்யன்காளி அந்த ஊர்ப் பள்ளிக்குள் நுழைந்தார். அவள் உட்கார்ந்தாள் என்பதற்காகப் பள்ளிக்குத் தீ வைக்கப்பட்டது. தீயில் மிஞ்சிய ஒரு பெஞ்சை இன்றும் அங்கே பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். 2022இல் அந்த அரசுப் பள்ளிக்கு அய்யன்காளி, பஞ்சமி இருவர் பெயரும் சூட்டப்பட்டது. நம் கல்லூரிகளுக்கும் சமூகத்துக்கும் என்ன உறவு என்று விவாதிக்கும் எந்தக் கருத்தரங்கும் அந்தப் பெஞ்சிலிருந்து தொடங்கலாம். கல்வி வேண்டும் என்று முதலில் கேட்டது தெரு. நிறுவனம் பிறகுதான் வந்தது.

இன்று அதே தெருவும் அதே நிறுவனமும் ஒன்றையொன்று குறைசொல்லும் நிலையில் நிற்கின்றன. படித்து என்ன பயன், வேலை இல்லை, தேர்வு முடிவு நேரத்துக்கு வருவதில்லை, எப்போது பார்த்தாலும் போராட்டம் என்று பெற்றோர் சொல்கிறார்கள். பிள்ளைகளுக்கு அக்கறை இல்லை, பெற்றோருக்கு மதிப்பெண்ணும் விசாவும் தவிர எதுவும் வேண்டாம், அரசியல்வாதிகள் எங்களைச் செயல்பட விடுவதில்லை என்று ஆசிரியர்கள் சொல்கிறார்கள். இரு தரப்பும் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனால் இரு தரப்பும் தம் கையில் உள்ள பொறுப்பைச் சேர்த்துச் சொல்வதில்லை. அதைப் பற்றித்தான் இங்கே பேச வேண்டியிருக்கிறது.

பொறுப்பைத் தட்டிக்கழித்தால் என்ன ஆகும் என்பதற்கு இந்த நகரத்திலேயே ஓர் உதாரணம் உண்டு. 2024 ஜூலை 13ஆம் தேதி திருவனந்தபுரம் தம்பானூர் ரயில் நிலையத்தின் அடியில் ஓடும் ஆமையிழஞ்சான் தோடு என்ற கால்வாயில் குப்பையை அள்ள இறங்கிய ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர் நீரோட்டத்தில் காணாமல் போனார். தண்டவாளங்களுக்குக் கீழே சுரங்கம் போலப் போகும் அந்தக் கால்வாயில் பிளாஸ்டிக்கும் சேறும் கெட்டிப்பட்டுக் கிடந்தன. தீயணைப்புப் படையின் நீச்சல் வீரர்கள் அந்தக் கழிவுக்குள் உடலைத் திணித்துத் தேடினார்கள். மூன்றாம் நாள் காலையில், சிறிது தூரம் தள்ளித் தோட்டில் அவர் உடல் மிதந்தது. அதற்குள் ரயில்வேயும் மாநகராட்சியும் அந்த இடம் யார் பொறுப்பு என்று அறிக்கைகள் விடத் தொடங்கியிருந்தன.

அந்தத் தேடலில் ஓர் இயந்திரமும் இறக்கப்பட்டது. குற்றிப்புரம் எம்.இ.எஸ். பொறியியல் கல்லூரியில் படித்த இளைஞர்கள் சிலர் தொடங்கிய ஜென்ரோபோட்டிக்ஸ் நிறுவனத்தின் ரோபோ அது. 2015இல் கோழிக்கோட்டில் பாதாளச் சாக்கடைக்குள் இறங்கிய இரண்டு தொழிலாளர்களும் அவர்களைக் காப்பாற்றப் போன ஆட்டோ ஓட்டுநரும் மூச்சுத் திணறி இறந்தபோது, மனிதர் இறங்க வேண்டாத வழி ஒன்று வேண்டும் என்று அவர்கள் யோசித்ததன் விளைவு. பாண்டிக்கூட் என்று பெயரிட்டு 2018இல் திருவனந்தபுரத்தில்தான் அதை முதலில் வேலைக்கு இறக்கினார்கள்.

இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஊரில் நடந்த சாவுகளைக் கண்டு மாணவர்கள் தூங்காமல் ஒரு கருவியைச் செய்தார்கள். கல்லூரிக் கல்வி அதன் முழு அர்த்தத்தில் நடந்த இடம் அது. அந்தக் கருவி பிறந்து ஆறு ஆண்டுகள் கழித்து, அது முதலில் வேலை செய்த அதே நகரத்தில், ஒரு மனிதர் குப்பைக் கால்வாயில் இறங்கி இறந்தார். கருவி இருந்தது. அதைத் தோட்டுக்கு ஏற்றபடி மாற்றவும், ரயில்வேயின் ஒப்பந்த விதிகளை மாற்றவும், வீட்டுக் குப்பை தோட்டுக்குள் விழாமல் தடுக்கவும் வேண்டிய மற்ற கைகள் வரவில்லை. மாநகராட்சி, ரயில்வே, கடைக்காரர்கள், குடியிருப்போர் சங்கங்கள், 1939 முதல் இதே நகரத்தில் இருக்கும் பொறியியல் கல்லூரி என்று ஒவ்வொருவரும் தன் பங்கை மட்டும் செய்துவிட்டு, அல்லது அதையும் செய்யாமல், ஒதுங்கிய இடத்தில் அந்த மனிதர் தனியாக நின்றார்.

நகரத்தின் குப்பைக்கும் உயர்கல்விக்கும் இன்னொரு தொடர்பும் உண்டு. விளப்பில்சாலையில் இருந்த மாநகராட்சியின் குப்பை ஆலையின் நாற்றத்தைப் பத்தாண்டுக்கு மேல் சகித்த கிராமத்தார், 2011 இறுதியில் போராடி அதைப் பூட்ட வைத்தார்கள். அதே விளப்பில்சாலையில்தான் அப்துல் கலாம் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் தலைமையகத்துக்குப் பின்னர் நிலம் எடுக்கப்பட்டது. அங்கே கட்டடம் எழும்போது அதன் முதல் ஆய்வு அந்த ஊரின் மண்ணையும் கிணற்று நீரையும் பற்றியதாக இருக்கட்டும். அந்தக் கிராமத்துக்கு நகரம் பட்ட கடன் அது.

இப்படி ஊரைக் கேட்டு வேலை செய்வது திருவனந்தபுரத்துக்குப் புதிதல்ல. 1971இல் பொருளியல் அறிஞர் கே.என். ராஜ், டெல்லிப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் பதவியை விட்டு ஊர் திரும்பியவர், முதலமைச்சர் அச்சுத மேனனின் ஆதரவோடு இங்குள்ள உள்ளூர் என்ற பகுதியில் வளர்ச்சி ஆய்வு மையத்தைத் தொடங்கினார். கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் செங்கல்லால் அதற்குக் கட்டடங்களைக் கட்டிக்கொடுத்தார். நாலாண்டில், ஐக்கிய நாடுகள் அவைக்காக அந்த மையம் கேரளத்தின் வறுமை பற்றி ஓர் ஆய்வை வெளியிட்டது. வருமானத்தில் பின்தங்கிய மாநிலம் எழுத்தறிவிலும் ஆயுளிலும் எப்படி முன்னால் நிற்கிறது என்ற கேள்வியை உலகத்தின் முன் வைத்தது அந்தப் புத்தகம். கேரள மாதிரி என்று பிறகு உலகம் பேசிய பேச்சுக்கு வேர் அது.

அதில் ஒரு சின்ன விஷயத்தை நான் எப்போதும் நினைத்துக்கொள்வேன். அரிசியை மட்டும் வைத்துக் கணக்கிட்டால் கேரளத்தில் பாதி ஊர் பட்டினி கிடப்பதாக எண்கள் சொல்லும். ஏழை வீட்டில் மதியம் வயிற்றை நிரப்புவது மரச்சீனிக் கிழங்கும் மீனும். வீட்டுப் பின்புறம் விளையும் கிழங்கு கணக்கெடுப்புத் தாளில் சரியாக ஏறுவதில்லை. அந்த ஆய்வாளர்கள் கிழங்கையும் எண்ணிக்கையில் சேர்த்தார்கள். அடுக்களையை எட்டிப் பார்த்தவர்களுக்கு மட்டுமே அது தோன்றும். அறிவுக்கும் தெருவுக்கும் இடையே உறவு என்று நாம் பெரிய வார்த்தையில் சொல்வதெல்லாம், மரச்சீனியைக் கணக்கில் சேர்க்கும் அந்தக் கவனம்தான்.

தமிழர்களுக்கு நெருக்கமான இன்னொரு உதாரணமும் இங்கே உண்டு. நாகர்கோவில் வடசேரியில் பிறந்த வ.ஐ. சுப்பிரமணியம் கேரளப் பல்கலைக்கழகத்தில் தமிழ்த் துறைக்கும் பிறகு மொழியியல் துறைக்கும் தலைமை வகித்தார். பின்னாளில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தரானவர். அவர் தலைமையில் நடந்த மலையாள வட்டார வழக்குக் கணக்கெடுப்பு, ஈழவர், தீயர் வீடுகளில் பேசப்படும் பேச்சைப் பதிவுசெய்து 1974இல் நூலாக வந்தது. ஏட்டு மலையாளம் மட்டுமே மொழி என்று நினைத்திருந்தவர்கள் மத்தியில், கள்ளிறக்கும் குடும்பத்தின் பேச்சும் பல்கலைக்கழகம் உட்கார்ந்து படிக்க வேண்டிய மொழி என்று அது நிலைநாட்டியது. ஒரு சமூகத்துக்கு இதைவிடப் பெரிய மரியாதையை ஒரு பல்கலைக்கழகம் வேறு எப்படிச் செய்யும்?

இதே நகரத்து ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தின் இதய வால்வு கதை பலருக்குத் தெரிந்திருக்கும். வெளிநாட்டு வால்வை வாங்கும் வசதி இல்லாத நோயாளிகளைப் பார்த்து, எம்.எஸ். வலியத்தான் தலைமையில் மருத்துவர்களும் பொறியாளர்களும் சேர்ந்து இங்கேயே ஒன்றைச் செய்ய முயன்றார்கள். முதல் மூன்று வடிவங்கள் தோற்றன. நான்காவது வடிவத்தை 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தினார்கள். டி.டி.கே. நிறுவனம் இங்கேயே அதைத் தயாரித்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மார்புகளில் அது துடித்திருக்கிறது. மூன்று தோல்விக்கும் அரசு பணம் கொடுத்தது, நிர்வாகம் பொறுத்தது, வேலை நிற்கவில்லை. வெற்றியைக் கொண்டாடும்போது அந்தப் பொறுமையை நாம் மறந்துவிடுகிறோம். சமூகம் கல்லூரிக்குக் கொடுக்க வேண்டியவற்றில் பணத்துக்கு அடுத்தது அந்தப் பொறுமை.

2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் பூந்துறை, விழிஞ்ஞம் முதல் குளச்சல் வரை மீனவர் வீடுகளை ஆண் துணை இல்லாமல் ஆக்கியது. அதன் பிறகு கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகமும் தெற்குக் கடற்கரையின் சிறு படகு மீனவர்களோடு உட்கார்ந்து, வானிலை அறிவிப்பு எப்படி இருந்தால் அவர்களுக்குப் பயன்படும் என்று கேட்டுப் பணி செய்தன. கடற்கரை முழுவதற்கும் பொதுவாக ஓர் எச்சரிக்கை விடுவதால் அன்றாடம் கடலுக்குப் போகிறவருக்கு முடிவெடுக்க முடியாது. என் கரையில், என் வலை விழும் தூரத்தில் காற்றும் அலையும் எப்படி இருக்கும் என்பது அவருடைய கேள்வி. படகுக்காரர் கேட்ட கேள்வியே ஆய்வுக் கேள்வியானது. இப்படிப்பட்ட வேலை விதிவிலக்காக இருப்பதுதான் கவலை.

ஏன் விதிவிலக்கு? ஓர் ஆசிரியரின் பதவி உயர்வு அவர் எத்தனை கட்டுரைகளை எந்த இதழ்களில் வெளியிட்டார் என்பதை வைத்துக் கணக்கிடப்படுகிறது. பார்வதி புத்தனாற்றின் நீரை மூன்று வருடம் சோதித்து வார்டு சபையில் மலையாளத்திலும் தமிழிலும் விளக்கிச் சொன்ன ஆசிரியருக்கு அந்தக் கணக்கில் இடம் குறைவு. நிரந்தர இடங்கள் நிரப்பப்படாமல் கெஸ்ட் லெக்சரர்களை வைத்துத் துறைகள் ஓடுகின்றன. அடுத்த வருடம் வேலை இருக்குமா என்று தெரியாத ஒருவரிடம் ஐந்தாண்டு ஊர்ப்பணியை எதிர்பார்ப்பது நியாயமாகாது. மறுபக்கம், உள்ளாட்சிகளும் கல்லூரிகளிடம் எதையும் கேட்பதில்லை. ஒரு திட்டத்துக்கு அறிக்கை வேண்டுமென்றால் கன்சல்டன்சி நிறுவனத்தைத் தேடுகிறார்கள். இரண்டு பஸ் நிறுத்தம் தள்ளி அதே துறையின் பேராசிரியரும் நாற்பது மாணவர்களும் இருப்பது நினைவுக்கு வருவதில்லை.

கல்லூரியின் தலைமாட்டில் நடக்கும் சண்டையையும் சொல்லாமல் விட முடியாது. 2022 அக்டோபரில், தொழில்நுட்பப் பல்கலைக்கழகத் துணைவேந்தரின் நியமனம் யு.ஜி.சி. விதிப்படி நடக்கவில்லை என்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அடுத்த சில நாளில் ஒன்பது துணைவேந்தர்களை ராஜினாமா செய்யச் சொன்னார் அன்றைய ஆளுநர். டிசம்பரில் ஆளுநரை வேந்தர் பதவியிலிருந்து நீக்கும் மசோதாவைச் சட்டசபை நிறைவேற்றியது. குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்காமல் அது சட்டமாகவில்லை. கேரளப் பல்கலைக்கழகத்தில் துணைவேந்தரின் பதவிக்காலம் அதே அக்டோபரில் முடிந்தது. அதன்பின் வருடக்கணக்கில், வேறொரு பல்கலைக்கழகத் துணைவேந்தர் கூடுதல் பொறுப்பாக இதையும் பார்த்துக்கொண்டார். 2025 ஜூனில் செனட் மண்டபத்தில் ஒரு நிகழ்ச்சியில் வைக்கப்பட்ட படம் தொடர்பாக மூண்ட தகராறில் பதிவாளரைத் துணைவேந்தர் சஸ்பெண்ட் செய்தார், சிண்டிகேட் அதை ரத்து செய்தது. பதிவாளர் யார் என்ற கேள்விக்கே சில வாரங்கள் இரண்டு பதில்கள் இருந்தன.

இந்த வழக்கில் யார் பக்கம் சட்டம் என்று நீதிமன்றங்கள் சொல்லட்டும். ஆளுநர் மாளிகையும் அமைச்சரவையும் தங்கள் ஆள் அந்த நாற்காலியில் உட்கார வேண்டும் என்று நினைக்கும்வரை மாணவர் அந்த வழக்கில் கட்சிக்காரரே இல்லை. அதே காலத்தில், எம்.பி.ஏ. மாணவர்கள் 71 பேரின் விடைத்தாள்கள், திருத்துவதற்காக ஆசிரியர் பைக்கில் கொண்டுபோகும் வழியில் தொலைந்துபோயின என்று தெரியவந்தது. படிப்பையே முடித்துவிட்டு முடிவுக்குக் காத்திருந்தவர்களைக் கூப்பிட்டு மறுபடியும் எழுதச் சொன்னார்கள். அந்த 71 பேரில் சிலருக்கு வேலை கைக்கு எட்டும் தூரத்தில் இருந்திருக்கும். பாளையத்தில் செனட் இல்லத்தின் முன் தடுப்பு வேலி போட்டு நடந்த போராட்டங்களில் அந்த 71 பேருக்காக எத்தனை குரல் எழுந்தது?

மாணவர் அரசியலைப் பற்றிப் பேசும்போது நிதானம் வேண்டும். இந்த மாநிலத்தில் சாதாரணக் குடும்பத்துப் பிள்ளை மைக்கைப் பிடித்துப் பேசக் கற்றது கல்லூரி வாசலில்தான். தனியார் கல்லூரி ஆசிரியருக்கு அரசே நேரடியாகச் சம்பளம் கொடுக்கும் 1972 ஒப்பந்தம்கூடப் போராட்டச் சூழலில் பிறந்ததே. அந்தப் பாரம்பரியத்தை மதிக்கிறவர்கள்தான் 2019 ஜூலையில் நடந்ததற்கு அதிகம் வெட்கப்பட வேண்டும். மனோன்மணீயம் சுந்தரம் பிள்ளை தத்துவம் கற்பித்த அதே யூனிவர்சிட்டி காலேஜில், ஒரு மாணவரை அவருடைய சங்கத்தின் தலைவர்களே கத்தியால் குத்தினார்கள் என்று வழக்குப் பதிவானது. குற்றம்சாட்டப்பட்டவர்கள் பி.எஸ்.சி. காவலர் தேர்வுத் தரவரிசையில் முன்னிடத்தில் இருந்ததும், அது முறைகேட்டால் வந்தது என்பதும் பிறகு வெளியே வந்தது. 2024 பிப்ரவரியில், நெடுமங்காட்டிலிருந்து வயநாட்டின் பூக்கோடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் படிக்கப் போன மாணவர் சக மாணவர்களின் சித்திரவதைக்குப் பிறகு விடுதியில் இறந்து கிடந்தார். மாணவர்கள் நிறைந்த அந்த விடுதியில், தடுக்க ஒரு கை நீளவில்லை. எந்தக் கொடி பறக்கும் கல்லூரி என்று பார்த்துக் கோபப்படுவதும் மௌனமாவதும் நம் வழக்கமாகிவிட்டது. கட்சிகளின் மாவட்டத் தலைவர்கள் ஒரே மேசையில் உட்கார்ந்து, கல்லூரிக்குள் கை ஓங்கியவர் எங்கள் அமைப்பில் இருக்க மாட்டார், அவருக்காகக் காவல் நிலையத்துக்கு ஒரு போன்கூட எங்களிடமிருந்து போகாது என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். அதற்குச் சட்டம் தேவையில்லை.

வெளியிலிருந்து வரும் அச்சுறுத்தலும் உண்டு. 2010இல் தொடுபுழா நியூமன் கல்லூரிப் பேராசிரியர் டி.ஜே. ஜோசப் தயாரித்த ஒரு கேள்வித்தாள் மத நிந்தனை என்று குற்றம்சாட்டப்பட்டது. ஒரு கும்பல் நடுரோட்டில் அவர் கையை வெட்டியது. கல்லூரி நிர்வாகம் அவரைப் பணியிலிருந்து நீக்கியது. வெட்டியவர்களைக் கண்டித்த சமூகம், அவரைத் தனியாக விட்டதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை. ஓர் ஆசிரியர் வகுப்பில் சொன்ன வாக்கியத்துக்காக ஊர் அவர் வீட்டுக் கதவைத் தட்டாது என்ற உறுதி இல்லாத இடத்தில், சுதந்திரமாகச் சிந்திக்கக் கற்றுக்கொடுங்கள் என்று அவரிடம் கேட்க நமக்கு உரிமை இல்லை.

பணத்தைப் பற்றி. 2004 ஜூலையில் தகுதி அடிப்படையில் பொறியியல் இடம் பெற்ற தலித் மாணவி ஒருவர், சொத்து ஈடு இல்லை என்று வங்கிகள் கல்விக் கடன் மறுத்த நிலையில், இந்த நகரத்தில் உயிரை மாய்த்துக்கொண்டார். பத்துப் பட்டதாரிகளைக் கேட்டவரின் ஊருக்கு அருகில், அவர் கேட்டு அறுபத்தேழு ஆண்டுகள் கழித்து. அந்தச் சாவுக்குப் பின் கேரளமே கொந்தளித்தது, விதிகளும் மாறின. ஆனாலும் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கான இ-கிரான்ட்ஸ் கல்வி உதவித்தொகை மாதக்கணக்கில் தாமதமாகிறது என்ற புகார் இன்றும் ஓயவில்லை. விடுதிக் கட்டணம் கட்ட முடியாமல் பாதியில் ஊர் திரும்பும் பிள்ளையைப் பற்றிப் பத்திரிகையில் செய்தி வராது. அரசு உதவி பெறும் கல்லூரிகளில் சம்பளம் மக்கள் பணம், நியமனம் நிர்வாகத்தின் கையில். அங்கே தலித் ஆசிரியர்கள் எத்தனை பேர் என்று கேட்டால் எல்லாச் சமுதாய நிர்வாகங்களும் ஒரே போலப் பேச்சை மாற்றுகின்றன. மக்கள் பணம் போகும் இடத்தில் மக்களின் எல்லாப் பிரிவினரும் இருக்க வேண்டும் என்பதில் கட்சிகளுக்குள் கருத்து வேறுபாடு இருக்கக் காரணமே இல்லை.

சுயநிதிக் கல்விக்கு எதிரான போராட்டத்தில் 1994 நவம்பரில் கூத்துப்பறம்பில் போலீஸ் சுட்டு ஐந்து இளைஞர்கள் இறந்தார்கள். அந்த இளைஞர்கள் சார்ந்திருந்த கட்சியின் ஆட்சியிலேயே 2025 மார்ச்சில் தனியார் பல்கலைக்கழகங்களுக்கான மசோதா சட்டசபையில் நிறைவேறியது. காலம் மாறியதை ஏற்கத்தான் வேண்டும். 2018இல் ஏறத்தாழ 1.3 லட்சமாக இருந்த கேரள மாணவர் குடிபெயர்வு 2023இல் 2.5 லட்சமானது என்று கேரளக் குடிபெயர்வு ஆய்வு சொல்கிறது. வீட்டை அடகு வைத்துப் பிள்ளையைக் கனடாவுக்கோ பிரிட்டனுக்கோ அனுப்பும் தகப்பன் இங்குள்ள கல்லூரியின் மேல் போட்ட தீர்ப்பு அது. இங்கே இடங்கள் காலியாகக் கிடக்கின்றன. தனியார் பல்கலைக்கழக மசோதாவில் 40 சதவீத இடங்கள் கேரள மாணவருக்கு என்றும், அதில் இட ஒதுக்கீடு உண்டு என்றும் இருக்கிறது. எழுத்தில் உள்ளது நடக்கிறதா என்று பார்க்கும் வேலையை அரசிடம் மட்டும் விட்டால் போதாது. பழைய மாணவர் சங்கங்களும் பத்திரிகைகளும் ஒவ்வொரு வருடமும் சேர்க்கைப் பட்டியலைக் கேட்டு வாங்க வேண்டும்.

இனி என்ன செய்வது என்பதில், கோடிக்கணக்கில் பணம் தேவைப்படாத சில வேலைகள் இருக்கின்றன. 2024 ஜூலை 1ஆம் தேதி முதல் கேரளத்தில் நான்காண்டுப் பட்டப்படிப்பு தொடங்கிவிட்டது. அதில் மாணவர் வகுப்புக்கு வெளியே, ஒரு நிறுவனத்திலோ களத்திலோ வேலை செய்து மதிப்பெண் பெற இடம் இருக்கிறது. அந்த இடத்தை ஏதோ ஒரு ஆபீஸில் போய்ச் சான்றிதழ் வாங்கிவரும் சடங்காக்கிவிட மிகவும் எளிது. திருவனந்தபுரம் மாநகராட்சியும் சுற்றியுள்ள பஞ்சாயத்துகளும் ஒவ்வொரு கல்வியாண்டின் தொடக்கத்திலும் தங்களுக்கு விடை தெரியாத கேள்விகளைப் பட்டியலிட்டுக் கல்லூரிகளுக்குக் கொடுக்கட்டும். ஆமையிழஞ்சான் தோட்டில் எந்தத் தெருவிலிருந்து எவ்வளவு பிளாஸ்டிக் வருகிறது? சாலைக் கடைத்தெருவில் சுமை தூக்குபவர்களின் முதுகுக்கு என்ன ஆகிறது? பூந்துறையில் கடல் அரித்த வீடுகளின் குடும்பங்கள் எங்கே போயின, பிள்ளைகள் பள்ளியை விட்டார்களா? பொருளியல் மாணவரும் விலங்கியல் மாணவரும் தமிழ், மலையாள மாணவர்களும் சேர்ந்து பதில் தேட வேண்டிய கேள்விகள் இவை.

பதிலை ஆங்கில இதழுக்கு அனுப்புவதற்கு முன், கேள்வி கேட்ட வார்டு சபையில் எழுந்து நின்று சொல்ல வேண்டும். அங்கே எழும் எதிர்க் கேள்விகளையும் குறித்துக்கொள்ள வேண்டும். அப்படிச் சொன்ன ஆசிரியருக்குப் பதவி உயர்வுக் கணக்கில் அது ஏற வேண்டும். இதை மாநில உயர்கல்வி மன்றமும் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து முடிவெடுத்தாலே ஒரு தொடக்கம் கிடைக்கும். குடியிருப்போர் சங்கங்கள் மாணவர்களை வீட்டுக்குள் அழைத்துக் கேள்விக்கு உண்மையாகப் பதில் சொல்ல வேண்டும். ஐந்து மணிக்குமேல் பெண் பிள்ளை களப்பணிக்குப் போகக் கூடாது என்று தடுக்கும் பெற்றோரும், அவர்கள் பாதுகாப்பாகப் போய்வரப் பேருந்து விட வேண்டிய போக்குவரத்துக் கழகமும் இதில் பங்காளிகள். வணிகர்களும் டெக்னோபார்க் நிறுவனங்களும் கல்லூரி விழாவுக்கு பேனர் கொடுப்பதோடு நிறுத்தாமல், இரண்டு மூன்று ஏழை மாணவர்களின் விடுதிச் செலவை அரசுத் தொகை வந்து சேரும்வரை முன்பணமாகக் கொடுக்கும் ஒரு நிதியை உருவாக்கலாம். தொகை வந்ததும் திரும்பிவிடும் பணம்தான் அது.

2024இல் சேர்ந்த அந்த முதல் தொகுதி மாணவர்கள் 2027இல் மூன்றாண்டுப் பட்டத்தோடு வெளியேறலாம், அல்லது 2028வரை நான்காம் ஆண்டு ஆய்வு செய்து போகலாம். அந்த ஆய்வுக்கான தலைப்பை அவர்கள் தேர்ந்தெடுக்கும் முன்பே மேயரும் கல்லூரி முதல்வர்களும் மாணவர் அமைப்புகளின் தலைவர்களும் மீனவர், வணிகர், குடியிருப்போர் பிரதிநிதிகளும் ஒரு முறை கூட வேண்டும். பாளையத்து செனட் மண்டபத்தையே அதற்குத் திறந்துவிடலாம். வெங்ஙானூரிலிருந்தும் ஊருட்டம்பலத்திலிருந்தும் இரண்டு பேரைப் பேச அழைத்து, நகரத்தின் முதல் கேள்விப் பட்டியலை அன்றே எழுதி முடிக்கலாம்.